நான்கு பேரைச் சுமந்தது தொடர்பாக

ஹேயோன் நகராட்சி கணினித் துப்பாக்கி விளையாட்டுக்கென்று ஓர் அணி அமைத்ததற்குப் பக்கத்து ஊர் அமைத்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் எந்தக் கோப்பிலும் இல்லை. பக்கத்து ஊர் மாகாணப் போட்டியில் இரண்டாவதாக வந்து, நகராட்சிக் கட்டடத்தின் நெற்றியில் மூன்று மாடி உயரத்துக்குத் துணிப் பதாகை தொங்கவிட்டிருந்தது. நெடுஞ்சாலையில் காரில் போன ஹேயோன் துணைமேயர் சொன்வூ கியோங்-மான் அதைப் பார்த்தார். திரும்பி வந்ததும் நம் கட்டடத்தின் நெற்றியை அளந்து வரச் சொன்னார். பதாகைக்கு இடம் இருப்பது உறுதியான பிறகு அணிக்கு உத்தரவு பிறந்தது.

உள்ளாட்சி அலுவலர்களுக்கான தேசியப் போட்டியில் விதி எளிது. ஓர் அணியில் ஐந்து பேர். நால்வர் பணியில் இருக்கும் அலுவலர்களாக இருக்க வேண்டும். ஒருவரை மட்டும் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் எடுக்கலாம். நால்வரைத் தேர்ந்தெடுப்பதில் ஹேயோன் சிரமப்படவில்லை. அலுவலர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு இத்தனை மணிநேரம் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தே ஆகவேண்டும். அந்தக் கணக்கில் பின்தங்கியவர்களின் பட்டியல் பணியாளர் பிரிவில் தயாராக இருந்தது. அதன் முதல் நான்கு பெயர்களை எடுத்தார்கள்.

முதல் பெயர் கூ போன்-ஷிக், ஐம்பத்திரண்டு வயது, விளையாட்டு மேம்பாட்டுப் பிரிவின் தலைவர். இரண்டாவது யாங் மி-சுக், குடியிருப்புப் பதிவு கவுண்டரில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர். மூன்றாவது பியோ ஜோங்-தேக், குடிநீர்ப் பிரிவு. தரையில் இரும்புக் கோலை ஊன்றி, அதன் மேல்முனையில் காதை வைத்துக் குழாய்க் கசிவைக் கண்டுபிடிப்பவர். நான்காவது தாக் உன்-ஹோ, இருபத்தெட்டு வயது, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய கார்களைப் படம் பிடிக்கும் வேலை, நால்வரில் பதவியில் கடைசி.

ஐந்தாவது ஆள் தோ யே-ரான். முப்பத்தொரு வயது. ஒன்பது வருடம் இரண்டாம் நிலைத் தொழில்முறை அணிகளில் ஆடியவள். அந்த ஒன்பது வருடத்தில் அவள் இருந்த அணி மூன்று முறை கலைக்கப்பட்டது. மூன்று முறையும் விடுதி அறையை மாலைக்குள் காலி செய்யச் சொல்லிக் குறுஞ்செய்திதான் வந்தது. ஹேயோன் கொடுத்த ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். அணி கடைசி நான்கில் இடம் பிடித்து, அதில் ஒப்பந்த நிபுணர் ஆற்றிய பங்கு தீர்மானகரமானது என்று நகராட்சி ஒப்புக்கொண்டால், அவளுக்கு நிரந்தரப் பணி. கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒப்பந்தக்காரர்களுக்குப் பச்சை நாடா, நிரந்தரமானவர்களுக்கு நீல நாடா. யே-ரானுக்கு நீல நாடா வேண்டியிருந்தது. விரல்களின் வேகம் வருடத்துக்கு வருடம் குறைந்துவருவது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த விசாரணை முழுவதும் இதன் மேல்தான் நின்றது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஒரு ரவுண்டில் சுடப்பட்டவர் அடுத்த ரவுண்டில்தான் எழுவார்; அதுவரை ஹெட்செட்டில் தன் அணியோடு பேசலாம். எதிரணியை முழுக்க வீழ்த்தினால் அந்த ரவுண்டு உங்களுடையது. பதின்மூன்று ரவுண்டு முதலில் எடுப்பவர் வெல்வார். இதில் கெட்டிக்காரர் ஒருவர் மற்ற நால்வரைச் சுமந்து ஜெயிக்க வைப்பதை அந்த நாட்டில் பஸ் ஓட்டுவது என்பார்கள். மற்ற நால்வரும் பயணிகள்.

பஸ் ஓடுமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அலுவலர் அணிகளில் யாரை எடுத்துக்கொண்டாலும், நேருக்கு நேர் நின்றால் யே-ரான் பத்தில் எட்டு முறை வெல்வாள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான்கு தோழர்களும் விழுந்த பிறகு ஐந்து எதிரிகளையும் ஒருவர் பின் ஒருவராக அவள் வெல்ல வேண்டும். பத்தில் எட்டு என்பதை ஐந்து முறை பெருக்கிப் பார்த்தால் மூன்று ரவுண்டுக்கு ஒன்றுதான் தேறும். அது தோற்கிறவரின் கணக்கு. அதே யே-ரானுக்கு எதிரி எந்த மூலையில் நிற்கிறான் என்பது முன்கூட்டியே தெரிந்தால், யாரை முதலில் சந்திப்பது என்பதை அவள் தீர்மானிக்கலாம். அப்போது பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பதரை ஆகும். ஐந்து முறை பெருக்கினால் நான்கில் மூன்று ரவுண்டு அவளுக்கு. எட்டுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் இருப்பது விரல் வேகம் அல்ல. செத்தவர்கள் சொல்லும் செய்தி.

முதல் நாள் பயிற்சியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. உன்-ஹோதான் மூன்று எதிரிகளை முதலில் பார்த்தான். பார்த்துவிட்டு அமைதியாகச் செத்தான். அடுத்து ஜோங்-தேக் பார்த்தார், செத்தார். பிறகு யாங் மி-சுக். கடைசியில் கூ போன்-ஷிக்கின் மூக்குக்கு நேராக மூன்று பேரும் வந்து நின்றார்கள். "யாரோ வர்ற மாதிரி இருக்கே" என்று சொல்லி அவரும் விழுந்தார்.

"தம்பி, நீதான் முதல்ல பார்த்தே. ஏன் வாயைத் திறக்கல?" என்று யே-ரான் கேட்டாள்.

"தலைவர் இன்னும் பார்க்கலையேக்கா. அவருக்கு முன்னாடி நான் பார்த்துட்டேன்னு எப்படிச் சொல்றது?"

கூ போன்-ஷிக் பெருந்தன்மையாகக் கையசைத்தார். "பரவால்லடா, சொல்லு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அடுத்த ரவுண்டில் உன்-ஹோ சொன்னான். "வணக்கம். வாகன நிறுத்தக் கண்காணிப்பு, தாக் உன்-ஹோ பேசறேன். தற்சமயம் இடதுபுறக் கிடங்கு வாசலுக்கு எதிரே, அடையாளம் தெரியாத நபர்கள் மூணு பேர்..." வினைச்சொல்லை எட்டுவதற்குள் சுடப்பட்டான்.

"பெயர் வேண்டாம். வணக்கம் வேண்டாம். 'கிடங்கு, மூணு' போதும்" என்றாள் யே-ரான்.

"தலைவர்கிட்ட 'கிடங்கு, மூணு'ன்னா?" யாங் மி-சுக் உண்மையிலேயே திடுக்கிட்டார். "வீட்டு நாய்கிட்ட கூட நான் அப்படிப் பேச மாட்டேன்ம்மா."

ஹெட்செட் மாட்டிவிட்டால் பதவி கிடையாது என்று யே-ரான் சொன்னாள். அது நல்ல யோசனைதான் என்று நால்வரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்கு உத்தரவு வேண்டும் என்றார்கள். கூ போன்-ஷிக் வரைவு எழுதினார்: தலைக் கருவி அணிந்துள்ள கால அளவில் பணி நிலை தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது, கருவியைக் கழற்றிய கணமே முன்தேதியிட்டு மீண்டும் அமலுக்கு வருகிறது. ஆறு முத்திரைகளோடு அது துணைமேயரிடம் போய், அவர் படிக்காமல் கையெழுத்திட, பன்னிரண்டாவது நாள் திரும்பி வந்தது. பதின்மூன்றாவது நாள் உன்-ஹோ வாழ்க்கையில் முதல் முறையாக மேலதிகாரியைப் பார்த்து, "பின்னாடி, ரெண்டு" என்றான். சொன்ன பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகுதான் யே-ரான் தன் கையில் இருப்பது என்ன என்று கண்டுகொண்டாள். இந்த நால்வருக்கும் சுட வராது. இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தாலும் வராது. ஆனால் அவளுடைய பழைய தொழில்முறை அணிகளில் யாருமே இவ்வளவு நன்றாக அறிக்கை கொடுத்ததில்லை. சுடப்பட்டதும் அந்தப் பையன்கள் மேசையைக் குத்துவார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள். இவர்கள் செத்த மறுநொடி, எங்கே, எத்தனை பேர், எந்தப் பக்கம் திரும்பினான் என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னார்கள். பியோ ஜோங்-தேக் ஹெட்செட்டில் கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தம் கேட்டு, "தகரக் கூரை மேல ஒருத்தன், வலது கால்ல பாரம் போடறான்" என்பார். யாங் மி-சுக் பதினெட்டு வருடம் கவுண்டருக்கு எதிரே நிற்கும் முகங்களைப் படித்தவர். ஒருவன் ஒரு மூலையில் இருமுறை எட்டிப் பார்த்தால், "இவன் பயந்தவன், மூணாவது தடவையும் இங்கதான் வருவான்" என்பார். அவன் வருவான். உன்-ஹோ பார்க்கப்படாமல் தெருமுனையில் நிற்பதையே தொழிலாகக் கொண்டவன். கூ போன்-ஷிக் ஒவ்வொரு ரவுண்டிலும் முதல் ஆளாகக் கதவைத் திறந்து நடந்துபோய்ச் செத்தார். "தலைவர்னா முன்மாதிரியா இருக்கணும்" என்பார், திரை கறுத்த பிறகு.

மதியங்களில் பன்றி எலும்புச் சூப்புச் சோற்றுக் கடைக்குப் போவார்கள். கூ போன்-ஷிக் தன் கிண்ணத்திலிருந்த கறித் துண்டுகளைச் சாப்ஸ்டிக்கால் எடுத்து யே-ரானின் கிண்ணத்தில் போடுவார்.

"டிரைவர் நல்லா சாப்பிடணும். பயணிங்க எங்களுக்குக் கிம்ச்சி ஊறுகாயே போதும்."

"தலைவரே, நீங்க போன ரவுண்டுல என்னையே சுட்டீங்க" என்பார் ஜோங்-தேக்.

"சீருடை ஒரே மாதிரி இருந்துச்சுய்யா."

"நம்ம சீருடைதான் தலைவரே அது."

உன்-ஹோ சிரித்துச் சிரித்துச் சோற்றைத் துப்புவான். நீல நாடா வந்ததும் இதே கடையில் உங்களுக்கு நான் விருந்து வைக்கிறேன் அக்கா என்று அவன்தான் சொன்னான். தன் பெயர் எழுதிய இருக்கை ஓர் இடத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யே-ரான் பேசியதும் அவனிடம் மட்டும்தான்.

தேசியப் போட்டியில் ஹேயோன் கடைசி நான்கை எட்டியது. கால் இறுதியில் பக்கத்து ஊரைப் பதின்மூன்றுக்கு ஒன்பது என்று வீழ்த்தியது. கடைசி ரவுண்டில் நால்வரும் ஏழு நொடிக்குள் செத்து, நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு அறிக்கைகள் கொடுத்தார்கள். யே-ரான் ஐந்து பேரையும் ஒருவர் பின் ஒருவராக வீழ்த்தினாள். யாங் மி-சுக் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்.

பதாகை ஏறியது. அதில் துணைமேயரின் பெயர் முதலில், பிறகு பதவி வரிசைப்படி நால்வர், கடைசியில் யே-ரான். அந்த இடத்தில் குளிரூட்டியின் வெளிப்பெட்டி துருத்திக்கொண்டிருந்ததால் துணியை மடித்துக் கட்டியிருந்தார்கள். மடிப்புக்குள் அவள் பெயர் இருப்பதாகப் பணியாள் உறுதி சொன்னார்.

சிக்கல் பாராட்டுப் பத்திரத்தில் தொடங்கியது. பத்திரம் தயாரிக்க ஒரு புள்ளிவிவர அட்டவணை தேவைப்பட்டது. வீழ்த்தப்பட்ட எதிரிகளில் யே-ரானின் பங்கு எண்பத்தொரு சதவீதம். உன்-ஹோ ஒன்பது, யாங் மி-சுக் ஆறு, ஜோங்-தேக் நான்கு, கூ போன்-ஷிக் பூஜ்ஜியம். தணிக்கைப் பிரிவு இதைப் பார்த்தது. துணைமேயர் யே-ரானை அழைத்தார்.

"உட்காரும்மா. நீ நல்லா ஆடினே, அதுல யாருக்கும் சந்தேகமில்ல. அதான் பிரச்சினையே" என்று தொடங்கினார். "இந்த அட்டவணைக்கு ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு, நாலு அலுவலர்கள் வேலை செய்யல. இல்ல, அவங்க வேலையை இன்னொருத்தர் செஞ்சுட்டாங்க. முதலாவது நடந்திருக்க முடியாது. ஏன்னா அவங்க நாலு பேருக்கும் நான் 'மிகச் சிறப்பு'ன்னு மதிப்பெண் போட்டு மாகாணத்துக்கு அனுப்பிட்டேன். அப்ப ரெண்டாவதுதான் மிச்சம். ஒப்பந்தக்காரர் அலுவலர் வேலையைச் செய்யறது விதிப்படி தப்பு."

"நான் அவங்களைச் சுமந்தேன் சார். அதுக்குத்தானே என்னை எடுத்தீங்க?"

"சுமந்தேன்னு சொல்றே. சுமக்க முடியுமான்னே நமக்குத் தெரியாதே. அதுக்கு ஒரு குழு போட்டா தெரிஞ்சுடும்."

ஒருவரால் நால்வரைச் சுமக்க இயலுமா என்பதன் உண்மைநிலை அறியும் குழு மூன்று முறை கூடியது. தலைவர் துணைமேயரே. பஸ் என்ற சொல் கோப்பில் வந்ததால் போக்குவரத்துப் பிரிவிடம் கருத்துக் கேட்டார்கள்; அப்படியொரு வழித்தடம் தங்கள் பதிவேட்டில் இல்லை என்று அது பதில் எழுதியது. பணியிடப் பாதுகாப்புப் பிரிவு, ஒரு பெண் ஊழியர் தூக்கக்கூடிய எடைக்கு வரம்பு உண்டு என்றும், நால்வரின் கூட்டு எடை இருநூற்றெண்பத்தாறு கிலோ என்றும் நினைவூட்டியது. ஆய்வுக்கு அமர்த்தப்பட்ட பேராசிரியர் நூற்றுப்பத்துப் பக்க அறிக்கை தந்தார். "அணி என்பது ஒரு முழுமை" என்று அதை அவர் குழுவின் முன் விளக்கினார். "முழுமைக்குள்ள ஒரு பகுதி இன்னொரு பகுதியைச் சுமக்கறதுன்னா, கை காலைச் சுமக்குதுன்னு சொல்ற மாதிரி. கால் புண்படும். அதனால சுமத்தல் இருந்தாலும் அதை இருக்குன்னு சொல்லாம இருக்கறதுதான் ஆரோக்கியம். இது என் முடிவு. வேற முடிவு வேணும்னாலும் தரவு இடம் கொடுக்குது."

பிறகு நால்வரும் சாட்சி சொன்னார்கள். யே-ரான் பின்வரிசையில் பச்சை நாடாவோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கவலை இல்லை. கூட இருந்தவர்கள் அவர்கள்தானே.

"யே-ரான் ஐந்து பேரை வீழ்த்தியதைப் பார்த்தீர்களா?" என்று யாங் மி-சுக்கிடம் கேட்டார்கள்.

"நான் அப்ப செத்துப்போயிருந்தேங்க."

"செத்தவர்கள் திரையில் பார்க்கலாம் அல்லவா?"

"பார்க்கலாம். ஆனா செத்த நேரம் பணி நேரமா இல்லையான்னு யாரும் தெளிவா சொல்லல. பணி நேரத்துல இல்லாதப்ப பார்த்ததை நான் சாட்சியா சொல்லலாமாங்க?"

குழு அவரது நேர்மையைக் குறித்துக்கொண்டது. பியோ ஜோங்-தேக், "காலடியைக் கேட்டது நான். கேட்காம எதைச் சுடறது?" என்றார். அது உண்மை என்பதால் யே-ரான் தலையாட்டினாள். தலையாட்டியதையும் எழுதிக்கொண்டார்கள்.

கூ போன்-ஷிக் நீண்ட நேரம் பேசினார். "முப்பது வருஷ சேவையில நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். தலைமைங்கறது செய்யறது இல்ல, செய்ய விடறது. நான் பூஜ்ஜியம் பேரைச் சுட்டிருக்கேன். ஏன்? ஒவ்வொரு எதிரியையும் நான் விட்டுக்கொடுத்தேன். நான் விட்டுக்கொடுக்கலன்னா அந்த எண்பத்தொண்ணு எங்கிருந்து வந்திருக்கும்?" குழுவில் இருவர் கைதட்டினார்கள்.

உன்-ஹோ எழுத்தில் தர அனுமதி கேட்டிருந்தான். முந்தின நாள், "அக்கா, உண்மையைத்தான் எழுதுவேன், பயப்படாதீங்க" என்று சொல்லியிருந்தான். அவனுடைய வாக்குமூலம் ஒரு வரி. சுமக்கப்பட்டது போன்ற உணர்வு சில சமயங்களில் ஏற்பட்டிருக்கக்கூடும், ஏற்படாமலும் இருந்திருக்கக்கூடும். யே-ரான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் அட்டையின் நீல நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

சாட்சிகள் ஒருமித்து இல்லாததால், சோதனை ஆட்டம் ஒன்று நடத்திப் பார்த்துவிடலாம் என்று துணைமேயர் முடிவெடுத்தார். மூன்றாம் மாடிக் கூட்ட அரங்கில் கணினிகள் வைக்கப்பட்டன. எதிரணி, தீயணைப்பு நிலையத்திலிருந்து ஐந்து பேர். இதுவரை வீழ்த்திய எந்த அணியைவிடவும் பலவீனமானவர்கள். இதில் யே-ரான் சுமந்து காட்டினால் ஏழாவது பிரிவு அவளுக்கு. நாற்காலியை இழுத்துப் போடும்போது கூ போன்-ஷிக், "வழக்கம்போல ஆடுவோம்" என்றார். மற்ற மூவரும் தலையசைத்தார்கள். ஹெட்செட் மாட்டினார்கள். உத்தரவுப்படி பதவி நின்றது.

கூ போன்-ஷிக் வழக்கம்போல முதலில் கதவைத் திறந்து செத்தார். யே-ரான் காத்திருந்தாள். ஹெட்செட்டில் எதுவும் வரவில்லை. ஜோங்-தேக் செத்தார். கணினியின் விசிறிச் சத்தம்தான் கேட்டது. யாங் மி-சுக் செத்தார். உன்-ஹோ எங்கோ சுடப்படுவது தூரத்தில் கேட்டது. எங்கே என்பது தெரியவில்லை.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை.

அவள் ஐந்து பேரையும் குருட்டாம்போக்கில் தேடிப் போனாள். மூன்று பேரை வீழ்த்தினாள். நான்காமவன் முதுகுக்குப் பின்னால் இருந்தான். அடுத்த ரவுண்டும் அப்படியே. நான்காவது ரவுண்டில் அவள், "கருவி வேலை செய்யுதா?" என்று கேட்டாள். பக்கத்து நாற்காலியில் உன்-ஹோ மூச்சுவிடுவது ஒலிவாங்கி வழியே தெளிவாகக் கேட்டது. கருவி வேலை செய்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மூன்று ரவுண்டுக்கு ஒன்று என்ற கணக்கு அன்று அதைவிடக் கொஞ்சம் மோசமாக, ஆனால் ஏறக்குறைய நாணயமாகவே நடந்துகொண்டது. ஐந்துக்குப் பதின்மூன்று.

பார்வையாளர் வரிசையில் இருந்த குழு உறுப்பினர்களுக்கு ஹெட்செட்டுக்குள் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பது தெரிய வழியில்லை. அவர்கள் பார்த்தது ஒரே ஒரு பெண் தோற்றதைத்தான்.

தீர்ப்பைத் துணைமேயர் நின்றுகொண்டே வாசித்தார். "ஒருத்தரால நாலு பேரைச் சுமக்க முடியாதுங்கறது இன்னிக்கு நிரூபணமாயிடுச்சு. முடியாத ஒண்ணு முன்னாடி நடந்திருக்கவும் முடியாது. ஆகவே வெற்றி ஐவருக்கும் சமமா சொந்தம். ஆளுக்கு இருபது சதவீதம். இருபதைத் தீர்மானகரம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆகவே ஏழாவது பிரிவு பொருந்தாது. அதே சமயம், அலுவலர் நால்வரும் எண்பது சதவீதம் பங்களிச்சிருக்காங்க. எண்பது தீர்மானகரமானது. அவங்களுக்குப் பதவி உயர்வுப் புள்ளி வழங்கப்படும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தோ யே-ரான் மேல வச்ச குற்றச்சாட்டும் இதோட விழுந்துடுச்சு. செய்ய முடியாத தப்பை அவங்க செஞ்சிருக்க முடியாது. நகராட்சி எவ்வளவு நியாயமா நடந்துக்குதுன்னு நீங்களே பாருங்க."

ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. கண்ணாடிப் பேழையில் நன்றிப் பலகை ஒன்று கொடுத்தார்கள். பிரிவு உபசாரத்துக்கு வர முடியாதபடி நால்வருக்கும் அன்று பயிற்சி வகுப்பு இருந்தது.

வசந்த காலத்தில் ஹேயோன் அணி மாகாணப் போட்டிக்குப் போனது. ஐந்தாவது இடத்துக்குப் பூங்காப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். தீர்ப்பின்படி, ஐந்தில் ஒரு பங்கு வெளியேறியதால் பழைய பலத்தில் எண்பது சதவீதம் மிஞ்சியிருக்க வேண்டும். முதல் சுற்றிலேயே பூஜ்ஜியத்துக்குப் பதின்மூன்று. தணிக்கைப் பிரிவு மறுபடி அட்டவணையைப் பார்த்தது. இருபது போனால் எண்பது இருக்க வேண்டும்; இருப்பில் பூஜ்ஜியம். ஆக எண்பது சதவீதம் காணாமல் போயிருக்கிறது. நகராட்சிச் சொத்து காணாமல் போனால், கடைசியாக வெளியேறியவர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாரா என்று பார்ப்பதுதான் நடைமுறை. பார்த்தார்கள். யே-ரானின் ஒப்படைப்புப் படிவம் காலியாக இருந்தது.

ஒரு பிற்பகல், ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கணினி விளையாட்டுக் கூடத்துக்கு உன்-ஹோ வந்தான். யே-ரான் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டமான நேரத்தில் நூடுல்ஸும் வேகவைத்துக் கொடுத்தாள். அவன் அலுவலகக் கோப்பு ஒன்றை இரு கைகளாலும் நீட்டினான். வரைவு: தாக் உன்-ஹோ. பரிசீலனை: யாங் மி-சுக். இசைவு: பியோ ஜோங்-தேக். ஒப்புதல்: கூ போன்-ஷிக். நான்கு முத்திரைகளும் நேராக விழுந்திருந்தன.

"என்ன எடுத்துட்டுப் போனேன்னு சொல்றாங்க?"

"திறமைன்னு போட்டிருக்கோம்க்கா. பணிக் காலத்துல வளர்ந்த திறமை நகராட்சிக்குச் சொந்தமாம். நீங்க பொருள் பேர் எழுதி, ஒப்படைச்சாச்சுன்னு ஒரு கையெழுத்து போட்டா போதும். கணக்கு நேராயிடும்."

அவள் நூடுல்ஸ் பானையை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"அன்னிக்கு உங்களை வாயை மூடச் சொன்னது யாரு? துணைமேயரா?"

"இல்லக்கா. ஹெட்செட்டுல நாம பேசிக்கறோம்னே அவருக்குத் தெரியாது."

"தலைவரா?"

"அவரும் இல்ல. சத்தியமா யாரும் சொல்லல." அவன் கோப்பின் ஓரத்தை நீவினான். "நீங்க ஜெயிச்சா நாங்க வேலை செய்யலன்னு ஆகுமேன்னு பயம்தான். நான் பேசலன்னாலும் மத்த மூணு பேரும் பேசுவாங்க, அக்காவுக்கு அது போதும்னு நினைச்சேன். அப்புறம் விசாரிச்சா, அவங்களும் அப்படியேதான் நினைச்சிருக்காங்க. ஒவ்வொருத்தரும்."

"நான் எந்தப் பக்கம்னு கேட்டேன் உன்-ஹோ."

"கேட்டீங்க."

"உன் மூச்சு கேட்டுச்சு எனக்கு."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "படிவம் அஞ்சு மணிக்குள்ள போய்ச் சேரணும்க்கா" என்றான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. ஒப்படைக்கும் பொருள் என்ற கட்டத்தில் 'அலுவலர்கள்' என்று எழுதினாள். எண்ணிக்கையில், நான்கு. பொருளின் நிலை என்ற இடத்தில், 'வாங்கியபோது இருந்தபடியே' என்று எழுதினாள். நான்காவதில் கையெழுத்துப் போட்டாள்.

உன்-ஹோ படிவத்தை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தான். எந்தக் கட்டமும் காலியாக இல்லை. பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் நேராக வைத்தான்.